மழைக்காலத்தில் தொய்யும் ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கூடத்தில் தாத்தாவின் உருவத்தைக் கேன்வாஸில் வரைந்த பழைய எண்ணெய் ஓவியம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் துணி தொய்ந்துவிடுகிறது, சித்திரையில் தானாக விறைத்துக்கொள்கிறது. பின்பக்கச் சட்டத்தின் மூலைகளில் உள்ள ஆப்புகளைத் தட்டி இறுக்கலாமா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மழைக்காலத்தில் அந்த ஆப்புகளைத் தொடவே தொடாதீர்கள். பழைய ஓவியங்களில் பெரும்பாலும் துணிமேல் முதலில் வச்சிரம் போன்ற தோல் பசை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அப்புறம்தான் வண்ணம். காற்று வறண்டிருக்கும்போது ஓவியத்தை விறைப்பாக வைத்திருப்பது பெரும்பாலும் துணி இல்லை, அந்த மெல்லிய பசைதான். ஈரக் காற்று பட்டதும் அது மழைநாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும், துணி தொய்யும். அந்த நேரத்தில் ஆப்பைத் தட்டி இறுக்கினால், கோடையில் பசை மறுபடி சுருங்கும்போது ஏற்கெனவே இழுபட்ட துணியை இன்னும் இழுக்கும். வயதான வண்ணம் அதற்கு ஈடுகொடுக்காது, முதலில் மூலைகளில் விரிசல் விடும்.

தொய்வைவிட எனக்குப் பயம் சுவர்க் கசிவுதான். ஈரப்பதம் 80, 85 சதவீதத்தைத் தாண்டினால் நூலிழைகள் ஊதி, துணியே சுருங்க ஆரம்பிக்கும். பசைக்கோ அப்போது பிடிமானம் இருக்காது, வண்ணம் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு உதிரும். அதனால் படத்தை மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள், கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள், துணியில் படாதபடி பின்னால் ஒரு அட்டையும் பொருத்துங்கள். அந்த அறையில் ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏறி இறங்கும் ஈரம்தான் அதிகம் கெடுக்கும்.

கேள்வி: பின்பக்கம் மெழுகு பூசிவிட்டால் ஈரம் ஏறாது என்கிறாரே ஒரு நண்பர்?
வாசகர், காரைக்கால்

பதில்: ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேல் அப்படித்தான் நம்பினார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1642இல் வரைந்த அந்தப் படம் ஒரு பெரிய மண்டபத்தின் வெளிச்சுவரில் மாட்டுவதற்கானது. துணியில் முதலில் ஈயம் கலந்த எண்ணெயை ஊறவைத்திருக்கிறார், அது சுவர் ஈரத்துக்காகத்தான் இருக்கும் என்கிறது 2023 டிசம்பரில் வெளியான ஆய்வு. 1851இல் தேன்மெழுகும் பிசினும் உருக்கி, பின்னால் இன்னொரு துணி ஒட்டினார்கள். 1975இல் ஒருவன் கத்தியால் கிழித்த பிறகு மறுபடி அதே முறை. இவ்வளவுக்கு அப்புறமும் படத்தின் இடது மேல்மூலையில் அலை அலையாக நெளிவு வந்தது. 2022இல் மரச்சட்டத்திலிருந்து கழற்றி, ஈரத்துக்கு அசையாத அலுமினியச் சட்டத்தில் பொருத்தினார்கள்.

மெழுகு ஈரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் வண்ணம்வரை ஊறிப்போய் நிறத்தைக் கறுக்கடிக்கலாம், முழுசாக வெளியே எடுக்கவும் முடியாது, பிறகு வேறு பசை அதில் பிடிப்பதும் கஷ்டம். 1974இல் லண்டன் கிரீனிச்சில் கூடிய வல்லுநர்கள், பின்துணி ஒட்டும் வேலையையே கொஞ்சகாலம் நிறுத்திவைத்து யோசிப்போம் என்று பேசும் நிலை வந்தது. இப்போது தூக்கிய வண்ணத்தை ஒட்ட ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையில் காய்ச்சிய பசையைத் துளித்துளியாக விடுகிறார்கள். துணி ஒட்ட வேண்டியிருந்தால் சுமார் 65 டிகிரிச் சூட்டில் இளகும் பேவா 371 என்ற செயற்கைப் பசை, அதைப் பின்னாளில் பிரிக்கவும் வழி உண்டு. மீன் பசையும் ஈரத்தில் இளகும்தான், அதனால் எந்தப் பசை போட்டாலும் அறைக் காற்றைக் கவனிக்காமல் முடியாது. சரி, நண்பரிடம் மெழுகை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓவியத்தின் பின்னால் வெள்ளையாகப் பூஞ்சை. ஈரத்துணியால் துடைக்கலாமா?
வாசகி, கடலூர்

பதில்: கூடவே கூடாது, வெயிலிலும் வைக்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரத்தான் செய்யும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து, வறண்ட காற்றோட்டமான நிழலறையில் நன்றாக உலரவிடுங்கள். உலர்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டி, வேக்வம் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடித்து உறிஞ்சுங்கள். முன்பக்கத்தில் வண்ணம் தூக்கியிருந்தால் தூரிகையே வேண்டாம். படத்தை முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்துவிட்டு, ஓவியப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரை வீட்டுக்கு வரவழையுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், வழியில் குலுங்குவதிலேயே பாதி உதிர்ந்துவிடும்.