இறகு உதிரும் நடனம்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நம் படங்களில் பாட்டு வந்தால் ஓட்டிவிடுவாள், இல்லையென்றால் போனைக் கையில் எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்த விடுமுறையில் 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற பழைய ஹாலிவுட் ஆட்டபாட்டப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டாள். அப்புறம் ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் என்ற ஜோடி சேர்ந்து ஆடிய கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடிப் பிடிக்கிறாள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். கதை என்று ஒன்றும் இல்லை. ஆள் மாறாட்டம், கோபம், சமாதானம், கல்யாணம். தொண்ணூறு வருடப் பழைய காதலில் இந்தக் காலத்துப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? வெறும் பழைய மோகம்தானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கதை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'டாப் ஹேட்' (1935) படத்தின் நாயகி தன் பின்னால் சுற்றுகிறவனைத் தோழியின் கணவன் என்று நினைத்துக்கொள்கிறாள். "உங்கள் பேர் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

ஆனால் பழைய மோகம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மோகத்துக்கு நினைவு வேண்டும். எனக்கு அது உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு கேபிளில் பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும் சேனல், ராத்திரியானால் டிஎன்டி என்ற சேனலாக மாறிப் பழைய ஹாலிவுட் படங்களைப் போடும். டாமும் ஜெர்ரியும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் கோட்டு போட்ட ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். ('சிங்கிங் இன் த ரெயின்' நாயகன் ஜீன் கெல்லி 1945இல் ஒரு படத்தில் அந்த ஜெர்ரி எலியோடேயே ஆடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.) உங்கள் மகளுக்கு அப்படி எந்த ராத்திரியும் இல்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கர்கள் கவலை மறக்க இந்தப் படங்களுக்குப் போனார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அன்றைக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது பொருந்தும். கவலை மறக்க ஆயிரம் வழி கையிலேயே இருக்கும் பெண் எதற்காக இங்கே வருகிறாள்?

'டாப் ஹேட்'டில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். லண்டன் பூங்காவில் மழை பிடித்துக்கொள்கிறது. குதிரையேற்ற உடையில் இருக்கும் ஜிஞ்சர், பேண்டு வாசிப்பதற்காகக் கட்டிய மண்டபத்தில் ஒதுங்குகிறார். அஸ்டேர் அங்கேயும் வந்துவிடுகிறார். அவளுக்கு எரிச்சல். இவன் பாடுகிறான், அவள் பிடிகொடுக்காமல் கேட்கிறாள். பாட்டு முடிந்து இவன் மெல்ல நடக்க ஆரம்பிக்கிறான். அவள் எழுந்து பின்னாலேயே அதே நடையைக் காப்பியடித்து நடக்கிறாள், கேலியாக. இவன் ஒரு அடி போட்டால் அவள் அதைத் திருப்பிப் போடுகிறாள். 'உனக்கு மட்டும்தான் தெரியுமா?' என்கிற பாவனை. நெடுநேரம் ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. ஒரு இடி இடிக்கிறது, தாளம் வேகம் பிடிக்கிறது, அப்புறம்தான் கை சேர்கிறது. கடைசியில் மண்டபத்தின் விளிம்பில் உட்கார்ந்து இருவரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். முத்தம் கிடையாது, வசனம் கிடையாது. உட்காரும்போது அவள் முகத்தில் எரிச்சலும் கிடையாது.

உங்கள் மகளை இழுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். காதல் வந்துவிட்டதாக இங்கே யாரும் அறிவிப்பதில்லை. அது வருவதையே, அடி அடியாக, நம் கண் முன்னால் காட்டுகிறார்கள். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஆடும்போது தலையிலிருந்து கால்வரை முழு உருவமும் திரையில் தெரிய வேண்டும், வெட்டு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமானவர். கால் மட்டும் தனியாக, முகம் மட்டும் தனியாக எடுத்து ஒட்டுகிற வேலைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. நம் பாட்டுகளை அவள் ஏன் ஓட்டிவிடுகிறாள் என்பதற்கும் பதில் இதில் இருக்கலாம். நொடிக்கொரு வெட்டு, நாலு வரிக்கொரு நாடு. யார் ஆடினார்கள், உண்மையில் ஆடினார்களா என்று கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது.

அப்புறம் தணிக்கை. 1934 முதல் ஹாலிவுட் தன் தணிக்கை விதிகளைக் கடுமையாக அமல்படுத்தியது. முத்தத்தை நீட்ட முடியாது, படுக்கையறைப் பக்கம் கேமரா போக முடியாது. நமக்கு இது புதிதா என்ன? இரண்டு பூக்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் பூ திரையை மறைத்தது. அங்கே ஆட்டம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அஸ்டேரும் ஜிஞ்சரும் சேர்ந்து நடித்தவை பத்துப் படங்கள். திரையில் அவர்கள் முதன்முதலாக ஒழுங்காக ஒரு முத்தம் கொடுத்துக்கொண்டது எட்டாவது படமான 'கேர்ஃப்ரீ'யில் (1938), அதுவும் கனவுக் காட்சியில், ஸ்லோமோஷனில். அதுவரை யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

'சிங்கிங் இன் த ரெயின்' (1952) பற்றியும் சொல்ல வேண்டும். மழைப் பாட்டில் ஜீன் கெல்லி காய்ச்சலோடு ஆடினார். மழை தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்ற கதையை நம்பாதீர்கள், பின்னாலிருந்து வெளிச்சம் போட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அதைவிடச் சுவாரசியம் அந்தப் படத்தின் பின்னணிக் குரல் விவகாரம். குரல் சரியில்லாத பிரபல நடிகைக்காக ஒரு புதுப்பெண் மறைந்து நின்று பாடுகிறாள், கடைசியில் திரையைத் தூக்கி ஊருக்கே காட்டிவிடுகிறார்கள். 'பின்னணி பாடுவது ஒரு குற்றமா?' என்று நமக்குச் சிரிப்பு வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதுப்பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் வேறொருவர்தான் குரல் கொடுத்தார். அந்தப் பிரபல நடிகையின் வசனத்துக்கு டெபி குரல் கொடுப்பதாக வரும் இடத்தில் கேட்பதோ, அதே நடிகையாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். அவருடைய இயல்பான குரல் அவ்வளவு அழகு.

எல்லாமே அழகு என்று மகள் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். 'ஸ்விங் டைம்' (1936) எனக்கு மிகப் பிடித்த படம். அதில்தான் அஸ்டேர் கறுப்பினத்தவராக வேஷம் போட முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடுகிறார். இன்று பார்க்கக் கூசுகிறது. எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் லீனா ஹார்ன் என்ற அருமையான கறுப்பினப் பாடகியை வைத்திருந்தது. நிறபேதம் பார்த்த அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் காட்டும்போது எளிதாக வெட்டி எடுத்துவிட வசதியாக, அவர் பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாகவே எடுத்தார்கள். வயது விஷயம் இன்னொன்று: 1957இல் ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஜோடியாக வந்த அஸ்டேர் அவரைவிட முப்பது வயது மூத்தவர். இதில் நாம் அவர்களைக் குறை சொல்லும் நிலையில் இல்லை.

'லா லா லேண்ட்' (2016) என்ற ஹாலிவுட் படத்தின் வழியாக வந்து இந்தப் படங்களில் விழுந்த பிள்ளைகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அந்தி நேர மலைச்சாலையில் இருவரும் வெட்டில்லாமல் ஆடும் காட்சி, நான் சொன்ன மழை மண்டபத்தின் பேரப்பிள்ளை. 'உன்னைப் பிடிக்கவில்லை' என்று பாடிக்கொண்டே அடி சேர்கிறார்கள். ஆட்டம் சுமார்தான், அந்தச் சுமாரும் எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்று செய்யுங்கள். 'டாப் ஹேட்'டில் 'சீக் டு சீக்' பாட்டு வரும்போது கூட உட்காருங்கள். ஜிஞ்சர் போட்டிருக்கும் உடை முழுக்க இறகு. படப்பிடிப்பில் அது உதிர்ந்து உதிர்ந்து பறந்ததில் அஸ்டேர் நொந்துபோனார். பிறகு சமாதானமாகி, ஜிஞ்சருக்கு 'ஃபெதர்ஸ்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார். படத்தில் இன்றும் ஒன்றிரண்டு இறகு மிதந்து தரையில் இறங்குவதைப் பார்க்கலாம். உங்கள் மகள் அதைக் கவனித்திருக்கிறாளா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.