அக்கா மகன் வேலைக்குப் போவான்னு நம்பி கார்டுல காசு எடுக்காதீங்க

கேள்வி: சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், பிஆர் (நிரந்தரவாசி). அக்கா மகன் ஊர்லேந்து வந்து இங்க ஒரு தனியார் காலேஜ்ல டிப்ளமா படிக்கிறான். வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பாத்து அவன் செலவை அவனே பாத்துக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னாரு. வேலை இன்னும் அமையல, அதுவரைக்கும்னு மாசம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்துக் குடுக்கிறேன். கடன் 14,000 ஆயிடுச்சு. கார்டு கடனை வேற பேங்குக்கு மாத்துற பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் போடலாமா?

பதில்: தம்பி, அந்த வேலை அமையவே அமையாது. 16 மணி நேர விதி நிஜம்தான், ஆனா அது என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்கள், பாலிடெக்னிக் மாதிரி மனிதவள அமைச்சு பட்டியல்ல இருக்கிற இடங்கள்ல முழுநேரம் படிக்கிறவங்களுக்கு. தனியார் காலேஜ் பசங்க ஸ்டூடண்ட் பாஸ்ல (வெளிநாட்டு மாணவர் அனுமதி) லீவு நாள்ல கூட பார்ட் டைம் வேலை பாக்க முடியாது. தேக்காவுல (லிட்டில் இந்தியா) தெரிஞ்ச கடைல சும்மா நிக்கட்டும், உங்க பேர்ல இருக்கிற டெலிவரி ஆப் அக்கவுண்ட்டுல ஓட்டட்டும்னு யாராவது யோசனை சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. மாட்டினா அவனுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரை ஜெயில், ரெண்டுமே கூட வரலாம், கடைக்காரருக்கும் கேஸ்.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. 14,000-க்கு வருஷ வட்டி 27% ஒட்டி வரும், அதாவது மாசம் 315. நீங்க கட்டுற மினிமம் 3%, 420. அசல்ல குறையறது 105 தான், ஆனா அதே மாசம் 600 எடுக்குறீங்க, கேஷ் எடுக்க 8% சார்ஜ், இன்னொரு 48. கட்டிக்கிட்டே இருந்தும் மாசம் 540 கிட்ட கடன் ஏறுது, பத்து மாசத்துல 20,000-ஐ நெருங்கிடும்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் இப்ப எல்லாரும் போடுறாங்கன்னு நீங்களும் போடாதீங்க. ஆறு மாசம் வட்டி இல்லன்னு ஆசை காட்டுவாங்க, முன்னாடியே ஒரு ஃபீஸ் பிடிப்பாங்க, ஆறு மாசத்துல 14,000 உங்களால கட்ட முடியாது, அப்புறம் பழைய வட்டி திரும்ப வந்துடும், காலியான கார்டுல மறுபடி கை போகும். அதுக்கு பதிலா மூணு வருஷ பெர்சனல் லோன் கேளுங்க, ஃபீஸ் எல்லாம் சேர்த்த நிஜ வட்டி 7, 8% ல கிடைச்சா மாசம் 440 கிட்ட வரும். இப்ப கட்டுற மினிமத்தை விட இருபது வெள்ளிதான் கூட, ஆனா கடன் முடியும். பேங்க் தரலைன்னா கடன்ல சிக்கினவங்களுக்கு ஆலோசனை சொல்ற கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்புல போய் உக்காந்து பேசுங்க.

தாய்மாமன் செய்யாம யார் செய்வான்னு அக்கா கேப்பாங்க. செய்யுங்க, சம்பளத்துல மிச்சம் இருக்கிற 200-ஓ 250-ஓ குடுங்க, மீதிக்கு அவங்க ஊர்ல நகைக்கடன் வாங்கட்டும், அங்க வட்டி 10% ஒட்டித்தான், உங்க கார்டு அதைப் போல ரெண்டரை மடங்கு. அடுத்த தவணை ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி காலேஜ் குடுத்த ஸ்டூடண்ட் காண்ட்ராக்டுல ரீஃபண்ட் பக்கத்தைப் படிச்சிட்டு, படிப்பைத் தொடரணுமான்னு மூணு பேரும் சேர்ந்து பேசுங்க. கார்டுல கேஷ் எடுக்கிறதை மட்டும் இந்த மாசமே நிறுத்திடுங்க, பேங்குக்கு ஃபோன் பண்ணி கேஷ் அட்வான்ஸை பிளாக் பண்ணச் சொல்லுங்க.