எலிப்புழுக்கையைக் கூட்டினால் கிட்னி போய்விடுமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை முழுக்க எலிப்புழுக்கை. அதைக் கூட்டினால் ஹண்டா வைரஸ் வந்து கிட்னி போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கலங்க வேண்டாம். ஆனால் அந்த அறையைக் காய்ந்தபடியே விளக்குமாற்றால் கூட்டவும் வேண்டாம்.

வாடிப்பட்டிக்காரன் நான், மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஹண்டா வைரஸ் எலியின் மூத்திரம், புழுக்கை, எச்சில் வழியாக வெளியேறும். காய்ந்த பிறகு தூசியோடு கிளம்பி நம் மூச்சில் ஏறும். கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை இந்தக் காய்ச்சல் படுக்கவைத்தது. காரணம் பிடிபட 1976 ஆனது. லீ ஹோ வாங் என்ற விஞ்ஞானி வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்தார். வைரஸ் உடம்பில் ஏறினால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் காய்ச்சல், இடுப்பு வலி, கண் சிவப்பு. பிறகு ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். ஆனால் தப்பித்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் தேறிவிடும், இது பெரிய ஆறுதல்.

நம் மாநிலத்திலும் 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு மூஞ்சூறிடமிருந்து இந்த வகை வைரஸ் எடுக்கப்பட்டது. அது மனிதருக்கு நோய் தருவதாக இன்னும் உறுதியாகவில்லை.

உங்கள் ஊரில் நான் அதிகம் பயப்படுவது லெப்டோவுக்குத்தான், அதாவது எலிக்காய்ச்சல். அது பாக்டீரியா. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் கால் வெடிப்போடு இறங்கினாலே போதும். டெங்கு போலவே அதிலும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) இறங்கலாம்; சிறுநீரகம் பழுதானால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறும். டெங்கு சீசனில் வரும் பரிசோதனைச் சீட்டுகளில் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டிருப்பதைப் பார்க்கும்போது, லெப்டோ தவறிப்போகுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். லெப்டோவுக்குப் பென்சிலின், டாக்ஸிசைக்ளின் இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஹண்டாவுக்கு அப்படிக் கைகண்ட மருந்து கிடையாது.

சரி, அறைக்கு வருவோம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூட்டைகளை நகர்த்திவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தரையில் தெளியுங்கள். நன்றாக ஊறியதும் பழந்துணியால் வழித்தெடுத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.

அப்புறம் காய்ச்சல் வந்து சிறுநீரும் குறைந்தால், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலி அடைந்த அறையைச் சுத்தம் செய்ததையும், வயலில் இறங்கியதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.