ஹைட்ரஜன் ஷேரா, சென்சார் கம்பெனி ஷேரா? கேட்டதும் சொன்னதும்

ஹைட்ரஜன் ஷேரைவிட, கேஸ் லீக்கைக் கண்டுபிடிக்கற சென்சார் செய்யற கம்பெனி பரவால்லன்னு நான் சொல்லப் போக, ஆளாளுக்கு கேள்வி கேட்டாங்க. 22 வருஷமா கேஸ் டிடெக்டர் மாட்டுறது, காலிபரேஷன் பண்றதுதான் (ரீடிங் சரியான்னு பார்த்துத் திருத்தறது) என் பொழப்பு. ஷேர் சொந்தக் காசுல வாங்கி சொந்தமா அடிபட்டுக் கத்துக்கிட்டது, செபில பதிவு பண்ண அட்வைசர்லாம் இல்ல. அதை மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

அண்ணே, ஹைட்ரஜன்தான் அடுத்த பெட்ரோல்ங்கறாங்க. இப்பவே வாங்கிப் போட்டா 10 வருஷத்துல எங்கயோ போயிடும்ல?

இதே பேச்சுதான் 2021 ஜனவரிலயும் ஓடுச்சு தம்பி. அமெரிக்காவுல பிளக் பவர்னு ஒரு ஹைட்ரஜன் கம்பெனி, அப்ப ஷேர் 75 டாலர் வரைக்கும் போச்சு, 2025 நடுவுல 1 டாலருக்கும் கீழ கிடந்துச்சு. வியாபாரம் இல்லாம இல்ல, விக்க விக்க நஷ்டம், அதை அடைக்க புதுசு புதுசா ஷேர் வித்துக்கிட்டே இருந்தாங்க, பழைய ஆளோட பங்கு தண்ணி ஊத்தின மோர் ஆயிடுச்சு. ஹைட்ரஜன் லாரி செய்யறோம்னு வந்த நிக்கோலா கம்பெனி இன்னும் கேவலம், லாரி தானா ஓடுதுன்னு காட்டின வீடியோவுல வண்டி சரிவுல உருண்டு வந்திருக்கு, 2025 பிப்ரவரில திவால்.

சார், நம்ம கவர்மென்டே 19,744 கோடி போடுதே?

2023 ஜனவரில கேபினட் ஓகே பண்ண பசுமை ஹைட்ரஜன் மிஷன் அது, அதாவது சோலார், காத்தாலை மாதிரி கரண்டுல தண்ணியைப் பிரிச்சு எடுக்கற ஹைட்ரஜன், 2030க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன்னு டார்கெட். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, தண்ணியைப் பிரிச்சு 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 - 55 யூனிட் கரண்ட் வேணும், யூனிட் 4 ரூபாய்னு வச்சாலே கரண்டுக்கு மட்டும் 200 ரூபாய்க்கு மேல, மெஷின் செலவு தனி. ரிஃபைனரிக்காரன் இப்ப இயற்கை எரிவாயுல இருந்து எடுக்கறது இதைவிட மலிவு, அப்ப அவன் ஏன் மாறணும்? மிஷன் அறிவிப்பைப் பார்க்காதீங்க, சோலார் கரண்ட் ரேட்டைப் பாருங்க. எல் அண்ட் டி, கெயில், இந்தியன் ஆயில் எல்லாம் இதுல இருக்காங்க, ஆனா மொத்த வியாபாரத்துல அது சாம்பார்ல பெருங்காயம் அளவுதான்.

நம்ம தூத்துக்குடிலயே பிளான்ட் திறந்தாச்சே அண்ணே?

திறந்தாங்க, 2025 செப்டம்பர்ல, வ.உ.சி. துறைமுகத்துல. மணிக்கு 10 கன மீட்டர், எடை போட்டா 1 கிலோ கூட வராது. துறைமுகக் காலனி தெருவிளக்குக்கும் வண்டி சார்ஜ் போடவும்தான். நல்ல ஆரம்பம், நானும் தெக்கத்திக்காரன்தான், சந்தோஷம்தான், அதுக்காக ஷேர் வாங்க முடியாது.

அப்ப சென்சார் ஏன் பரவால்லன்னு சொல்றீங்க?

கல்யாணம் யார் வீட்ல நடந்தாலும் பந்தல்காரனுக்குக் காசு, அதான். ஹைட்ரஜனுக்கு வாசனை இல்ல, நிறம் இல்ல, பகல்ல எரிஞ்சா தீ கூட கண்ணுக்குச் சரியா தெரியாது. சமையல் கேஸ்ல நாத்தத்துக்கு கலக்கற மருந்தை இதுல கலந்தா ஃபியூவல் செல் (ஹைட்ரஜன்ல இருந்து கரண்ட் எடுக்கற பெட்டி) கெட்டுடும். காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 வரைக்கும் பத்தும், சின்ன பொறி போதும். 2019 ஜூன்ல நார்வேல ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடிச்சுது, காரணம் டேங்க்ல ஒரு பிளக்கை சரியா முறுக்காம விட்டது, அவ்ளோதான்.

இதுல இன்னொரு விஷயம், மீத்தேனுக்கு வைக்கிற இன்ஃப்ராரெட் டிடெக்டர் ஹைட்ரஜனைப் பார்க்கவே பார்க்காது, வேற டைப்தான் வாங்கியாகணும். ரசாயன வினையால கேஸைப் பிடிக்கற எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்னா 2, 3 வருஷத்துல தீர்ந்துடும். கேஸை லேசா எரிச்சு அளக்கற பெல்லிஸ்டர் சென்சார் சிலிக்கோன் ஆவி பட்டா செத்துடும். ஒரு பிளான்ட்ல மெக்கானிக் பக்கத்துல சிலிக்கோன் ஸ்ப்ரே அடிச்சிருக்காப்ல, அதுக்கப்புறம் மாசக்கணக்கா ரீடிங் ஜீரோ, லீக்கே இல்லன்னு எல்லாருக்கும் பெருமை, நான் போய் டெஸ்ட் பண்ற கேஸை சென்சார்கிட்ட காட்டுனேன், அப்பவும் ஜீரோ! வயித்தைக் கலக்கிடுச்சு. முதலீடு பண்றவன் கண்ணுல பாத்தா இதுதான் காசு, ஒருதடவை வித்துட்டுப் போற பொருள் இல்ல, மாத்திக்கிட்டே இருக்கணும்.

அப்ப எந்த கம்பெனி, பேரைச் சொல்லுங்க சார்.

வாங்குன்னு சொல்லல, படிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். அமெரிக்காவுல எம்எஸ்ஏ சேஃப்டி, ஜெர்மனில டிரேகர், ஜப்பான்ல ரிக்கன் கெய்கி. ஆனா ஹைட்ரஜன் வந்தா இதெல்லாம் பத்து மடங்கு ஏறும்னு கனவு காணாதீங்க. எம்எஸ்ஏ ஹெல்மெட்டும் விக்குது, டிரேகருக்கு ஆஸ்பத்திரி வென்டிலேட்டர் இருக்கு, ரிக்கன் கெய்கிக்கு கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரி பெரிய கஸ்டமர். ஹைட்ரஜன் சொதப்பினாலும் இவங்க பட்டினி கிடக்க மாட்டாங்க, ஜெயிச்சாலும் திடீர் பணக்காரன் ஆக மாட்டாங்க. சென்சார் மட்டுமே செய்யற நல்ல கம்பெனிகள் சிலது, ஃபிகாரோ மாதிரி, மார்க்கெட்லயே இல்ல.

என்கிட்ட 2 லட்சம் இருக்குண்ணே, பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு அடுத்த வருஷம் வேணும், அதுக்குள்ள...

எஃப்டில போடுங்கம்மா.