குறிப்பு எழுத மட்டும் உட்கார வைக்கிறார்களா?

தோழி, ஆய்வகத்தில் உலையையும், பொருளை இழுத்து வலிமை பார்க்கும் இழுவிசைச் சோதனை இயந்திரத்தையும் ஆண்களே இயக்குகிறார்கள், உங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலைதான் என்கிறீர்கள். பொறுத்துப் போகாதீர்கள், கருவியைத் தொடாமலே காலம் போனால் வாய்மொழித் தேர்வில் திணறப்போவது நீங்கள்தான். இயந்திரப் பயிற்சியும் உங்கள் பெயரில் தனி நேரமும் கேட்டு ஆய்வு வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கையுறை உங்களுக்குப் பெரிது என்று அவர்கள் சொன்னால் அதெல்லாம் சாக்கு. சரியான அளவில் வாங்கித் தருவது ஆய்வகத்தின் பொறுப்பு.

1965இல் அமெரிக்காவின் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற பெண் வேதியியலாளர் தயாரித்த பாலிமர்க் கரைசல் கலங்கலாக இருந்தது. இழை நூற்கும் கருவியின் நுண்துளைகள் அடைத்துவிடும் என்று அதை இழையாக்கப் பணியாளர் மறுத்தார். க்வோலெக் விடவில்லை. ஒரே எடையில் எஃகைவிட 5 மடங்கு வலுவான, குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழை அந்தப் பிடிவாதத்தில் வந்ததுதான்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், துறைத் தலைவரையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.