மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பிறகு ஏன் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் அம்மாவுக்கு 56 வயது, ஒன்றரை மாதமாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, மூளை எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நரம்பியல் மருத்துவர் மார்பு, வயிறு, கருப்பை எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். இது தேவைதானா, பணம் பிடுங்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவை. இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காரணத்தை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் இல்லை, பள்ளத்தூர்க்காரி. இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே நாங்கள் இரண்டு மாதத்தைப் போக்கடித்தோம். அந்த இரண்டு மாதம் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பொங்கலுக்கு ஆத்தாவுக்கு 61 வயது. விடியற்காலையில் நடுவீட்டுக் கோலம் போட உட்கார்ந்தாள். பச்சரிசி மாவைக் கரைத்து, துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மோதிர விரல் வழியாக இழை விடுவாள். நாற்பது வருடமாகப் போட்ட கோலம். கண்ணை மூடிக்கொண்டே போடுவாள். அன்றைக்கு மூலையில் திரும்ப வேண்டிய இழை திரும்பாமல் நாலு விரற்கடை தாண்டிப் போய் நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் தாண்டியது. மூன்றாம் தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டாள். "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை" என்றாள். தாம்பாளத்துடன் பக்கத்தில் நின்ற நானும் அதை நம்பினேன்.

பத்தே நாளில் வளவில் தூணுக்குத் தூண் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிப் பூக்கல். "கல்லில் இருக்கிற பூவெல்லாம் மேலும் கீழும் ஆடுகிறது" என்று கண்ணைப் பொத்திக்கொள்வாள். பிறகு பேச்சு இழுத்தது. காதில் கோளாறு என்று மூன்று வாரம் தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து, நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, "மூளையில் ஒன்றுமில்லை" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். ஒன்றுமில்லை என்றால் ஏன் நடக்க முடியவில்லை என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதுரையில் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது, "இது எத்தனை நாளில் இந்த அளவுக்கு வந்தது?" என்றுதான். பக்கவாதம் என்றால் நிமிடக் கணக்கில் வரும். பரம்பரையாலோ முதுமையாலோ வரும் தள்ளாட்டம் வருடக் கணக்கில் வளரும். நன்றாக இருந்தவர் சில வாரங்களில் படுக்கைக்கு வருகிறார், மூளைப் படமும் சுத்தமாக இருக்கிறது என்றால், உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோயைத் தேட வேண்டும் என்றார். தன் மூக்கையும் பிறகு அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். ஆத்தாவின் விரல் அவர் விரலைத் தாண்டிப் போய்க் காற்றில் ஆடியது. எனக்கு அந்தக் கோல இழை அப்படியே கண்முன் வந்தது. அதைச் சொன்னேன். பொங்கல் தேதியோடு குறித்துக்கொண்டார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். இந்த வகை நோய்களைப் பாரானியோபிளாஸ்டிக் நோய்கள் என்கிறார்கள். இது புற்றுநோய் மூளைக்குப் பரவுவதால் வருவதில்லை. நடையையும் கையையும் பேச்சையும் அளவோடு நடத்துவது சிறுமூளை. அதில் கிளை விரித்த மரம் போன்ற பெரிய செல்கள் உண்டு. 1837-இல் கண்டறிந்த புர்கின்யே என்பவரின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். அந்தச் செல்களில் இருக்க வேண்டிய ஒரு புரதத்தைச் சூல்பையிலோ மார்பகத்திலோ முளைக்கும் கட்டி, இடம் மாறித் தானும் நிறைய உண்டாக்கிவிடுகிறது. உடம்பின் காவற்படை அதை அந்நியன் என்று கண்டு தாக்குகிறது. தாக்குவது நல்லதுதான், அதனால்தான் கட்டி வளராமல், வலிக்காமல், சின்னதாகவே கிடக்கிறது என்று கருதுகிறார்கள். ஆனால் அதே படை மூளைக்கும் போய், அதே புரதம் வைத்திருக்கும் புர்கின்யே செல்களையும் கொன்றுவிடுகிறது. வீட்டைக் காக்கக் கிளம்பிய நாய் வீட்டுக் குழந்தையையே கடித்தது போல.

இறந்த செல் திரும்ப முளைப்பதில்லை. நாள் கடத்தக் கூடாது என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான். ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிறுமூளை சுருங்கிப் படத்தில் தெரியும்போது போக வேண்டியது போய்விட்டிருக்கும்.

ஆத்தாவின் ரத்தத்தில், அந்தக் காவற்படை உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் 'யோ' என்ற ஒன்று இருந்தது. 1980-களில் நியூயார்க்கில் ஜெரோம் போஸ்னரின் ஆய்வுக்கூடத்தில் இதுபோன்ற ஆன்டிபாடிகளை இனம் கண்டபோது நோயாளிகளின் பெயரில் உள்ள முதல் எழுத்துகளையே வைத்திருக்கிறார்கள். யோ என்பவளும் யாரோ ஒருத்தியின் ஆத்தாவாக இருந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சாதாரண சி.டி. ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை. கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஏற்றி எடுக்கும் பெட் சி.டி.யில்தான் வலது சூல்பை ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஓர் இடம் ஒளிர்ந்தது. அந்த நாள்வரை வயிற்றில் ஒரு வலி என்று அவள் சொன்னதில்லை.

பெரியவர்கள் கூடிப் பேசி, புற்றுநோய் என்ற சொல்லை ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஒன்பது நாள் மறைத்தோம். அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள், "என் வயிற்றை எனக்குத் தெரியாமல் அறுப்பீர்களா?" என்று குழறிக் குழறிக் கேட்டாள். சொன்னேன். அழவில்லை. ஒப்புதல் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடியது. பக்கத்தில் கைநாட்டும் வைத்தாள். நீங்கள் மறைக்காதீர்கள். தள்ளாடுகிறது உடம்புதான், அறிவு தெளிவாகவே இருக்கிறது.

கட்டியை எடுத்து, கீமோதெரபி கொடுத்தார்கள். அதற்கு முன்பே, அந்தக் காவற்படையை அடக்க ஸ்டீராய்டும், ஐந்து நாள் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். மூன்று வருடம் ஆகிறது; புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் ஆத்தா வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். பனையோலையில் கொட்டான் முடைந்த கை இப்போது ஓலையை நறுக்கக்கூட உதவுவதில்லை. பேசுவது எங்களுக்கு மட்டும் புரிகிறது. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்: யோ வகையில் போனது பெரும்பாலும் திரும்புவதில்லை, மேலும் போகாமல் நிறுத்துவதுதான் சிகிச்சையின் குறி.

எல்லா வகையும் இப்படி இல்லை. செல்லைக் கொல்லாமல், அதன் மேற்பரப்பில் மட்டும் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும் வகைகளில் நன்றாகத் தேறி வருகிறார்கள். லாம்பர்ட் ஈட்டன் என்ற நோயில் தொடை பலமிழந்து நாற்காலியிலிருந்து எழ முடியாது, வாய் உலரும். அவர்களில் பாதிப் பேருக்கு ஒருவகை நுரையீரல் புற்றுநோய் இருக்கும், குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு. இளம்பெண்களுக்குத் திடீரென்று பிதற்றல், வலிப்பு, கைகால் முறுக்கல் வரும் என்.எம்.டி.ஏ. மூளையழற்சியை 2007-இல் ஹோசெப் டால்மாவ் குழு விவரித்தது. பலருக்குச் சூல்பையில் ஒரு கட்டி இருக்கும், அதை எடுத்துச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டு விடுகிறார்கள். பேய் பிடித்தது என்று எத்தனை பெண்களைக் கோயிலில் கட்டிப்போட்டிருப்போம் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இது அரிய நோய். தலைசுற்றும் எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. உங்கள் அம்மாவுக்கும் வேறு காரணம் இருக்கலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆன்டிபாடி இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். நோய் இருந்தும் ரத்தத்தில் எதுவும் சிக்காதவர்கள் உண்டு. ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்து, சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால், நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் திரும்பத் தேட வேண்டும் என்று 2021-இல் வந்த நிபுணர் வழிகாட்டுதல் சொல்கிறது. இதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்றைக்கே அம்மா நடப்பதையும், பேசுவதையும், டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பதையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். எந்தத் தேதியில் எது முதலில் தவறியது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். சமையற்கட்டில் கூட இருப்பவருக்குத்தான் அது சரியாகத் தெரியும். பெட் ஸ்கேனுக்குச் சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறாகப் போக வேண்டியிருக்கும். உடம்பில் ஏற்றுவது கதிரியக்கம் கலந்த சர்க்கரை என்பதால், அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்; அளவு கூடியிருந்தால் அன்றைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இன்னும் ஒரு வாரம் போய்விடும்.