நல்லர்பார் சாலையில் முதல்முறை கேரவன்: கேள்வி பதில்

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை, நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். 1976-லேயே முழுக்கத் தார் போட்டாயிற்று. கேரவனோடு, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டோடு, முதல்முறை போகிறவர்களில் வண்டி, எடை, சாலை பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில். காப்பீடு பற்றிக் கேட்டவர்கள் அவரவர் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்.

அடிலெய்டிலிருந்து பெர்த் போகிறோம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

செடூனா முதல் நார்ஸ்மன் வரை மட்டும் நான்கு நாள். முதல் நாள் நல்லர்பார் ரோட்ஹவுஸ் (சாலையோர பெட்ரோல் பங்கும் விடுதியும்) வரை, சுமார் 300 கி.மீ. இரண்டாம் நாள் யூக்ளா, 200 கி.மீ.தான், வழியில் பண்டா செங்குத்துப் பாறைகளைப் பார்க்க நேரம் வேண்டும். (விளிம்புக்குப் போகாதீர்கள். அடியில் கடல் அரித்து, மேலே பாறை தொங்கிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு.) மூன்றாம் நாள் கைகூனா, 340. நான்காம் நாள் நார்ஸ்மன், 375, இதில்தான் 146.6 கி.மீ. வளைவே இல்லாத நேர்ச்சாலை வருகிறது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் போனால் ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கலம் பார்க்க அரை நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூட்டின் டேங்க் 80 லிட்டர். கூடுதல் டீசலுக்கு எத்தனை ஜெர்ரி கேன் (கையில் தூக்கும் எரிபொருள் கேன்) வேண்டும்?

வேண்டாம். பெட்ரோல் பங்குகளுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி 190 கி.மீ. அளவுதான். எதிர்க்காற்றில் 100 கி.மீ.க்கு 22 லிட்டர் குடித்தாலும் 42 லிட்டர். உங்கள் டேங்க் 80. பாதி குறைந்ததும் நிரப்புங்கள். எல்லாப் பங்கும் இரவில் திறந்திருக்காது.

யூட் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள கார்) 3,500 கிலோ இழுக்கும் என்று ஷோரூமில் சொன்னார்கள். கேரவன் ஏ.டி.எம். (சுமையோடு கேரவனின் உச்ச எடை) 3,300. யூட்டின் காலி எடை 2,250, ஜி.வி.எம். (சுமையோடு வண்டியின் உச்ச எடை) 3,200, ஜி.சி.எம். (வண்டியும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை) 6,000. தாராளமாகப் போகலாம்தானே?

தாராளம் இல்லை. கேரவனை முழுக்க ஏற்றினால் போகவே கூடாது. 3,500 என்பது இழுவையின் உச்சம் மட்டும். வண்டியும் கேரவனும் சேர்ந்து 6,000-ஐத் தாண்டக் கூடாது. கேரவனை முழுக்க ஏற்றி 3,300 ஆக்கிவிட்டால் வண்டிக்கு மிஞ்சுவது 2,700. காலி எடையைக் கழித்தால் 450 கிலோ. அதற்குள் நான்கு பேர் 260, புல்பார் (முன் காப்புக் கம்பி) 60, கேனபி (பின்தட்டு மூடி) 80, டோபார் (இழுவைக் கம்பி) 35, ஃபிரிட்ஜும் கருவிகளும் 90. மொத்தம் 525. பிள்ளைகளின் சைக்கிளை இன்னும் சேர்க்கவில்லை, அதற்குள் 75 கிலோ அதிகம்.

அடுத்தது பின் அச்சு. டோபாலில் (கேரவனை மாட்டும் இரும்பு உருண்டையில்) கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும். உங்களுக்கு 330 கிலோ. அது பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் இறங்குகிறது. நெம்புகோல் மாதிரி முன் சக்கரங்களைத் தூக்கி, பின் அச்சில் சுமார் 450 கிலோவாக விழும். எடையைப் பகிரும் ஹிட்ச் (இணைப்புக் கருவி) கொஞ்சத்தை முன்னால் திருப்பித் தரும், ஜி.சி.எம்.மைக் கூட்டித் தராது. எல்லாவற்றையும், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். வண்டி தனி, கேரவன் தனி, இரண்டும் சேர்த்து என மூன்று சீட்டு வாங்குங்கள். கேரவன் தகட்டில் உள்ள காலி எடையை நம்பாதீர்கள். அதற்கப்புறம் ஆனிங் (பந்தல் துணி), சோலார், பேட்டரி எல்லாம் ஏறியிருக்கும்.

அண்ணை, தண்ணித் தாங்கி இரண்டு இருக்கு, ஒவ்வொண்டும் 95 லிட்டர். நிரப்பிக்கொண்டு போறதோ, வெறுமையாப் போறதோ?

நிரப்பிக்கொண்டு. இடையில் ஊர்க்குழாய் கிடையாது. ரோட்ஹவுஸ்களிடம் தண்ணீர் கேட்டு நிற்காதீர்கள், அவர்களுக்கே அது அருமை. குடிப்பதற்கு ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் காருக்குள்ளேயே தனியாக வையுங்கள். ஒரு தாங்கி அச்சுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் இருந்தால், முன்னுள்ளதைக் கடைசியில் செலவழியுங்கள்.

தண்ணீரை நிரப்பச் சொன்னது தவறான ஆலோசனை. 190 கிலோ தண்ணீரை எதற்குச் சுமக்க வேண்டும்? டேங்க் காலியாக இருந்தால்தான் கேரவன் ஆடாது. இது எல்லாருக்கும் தெரிந்தது.

எல்லாருக்கும் தெரிந்தது என்பதற்காகச் சரியாகிவிடாது. ஆட்டத்தை முடிவு செய்வது எடை மட்டுமல்ல. அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் 95 கிலோ தண்ணீர்: 95. பின் பம்பரில் 3.5 மீட்டர் தள்ளி இரண்டு ஸ்டெப்னி, 60 கிலோ: 735. ஏறக்குறைய எட்டு மடங்கு. அச்சிலிருந்து டோபால் 5 மீட்டர் என்றால், முன்தாங்கி டோபால் எடையை 19 கிலோ கூட்டும். அந்த ஸ்டெப்னிகள் 42 கிலோ குறைக்கும். தண்ணீர் தரையோடு தாழ்வாக இருப்பது இன்னொரு நன்மை. எடுத்துவிட வேண்டியது பம்பர் சுமையைத்தான்.

ஜெர்ரி கேன் இரண்டு வாங்கிவிட்டேன். பின் பம்பரில் மாட்டலாமா?

மேலே இரண்டு பதிலையும் படியுங்கள். 20 லிட்டர் டீசலே 17 கிலோ. மாட்டாதீர்கள்.

டயர் காற்று எவ்வளவு?

எடைமேடைச் சீட்டு இல்லாமல் எண் சொல்ல முடியாது. தகட்டில் உள்ளதில் தொடங்குங்கள். காலையில் வெயில் படுமுன் அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் காலையில் காற்றுக் குறைவு அல்லது சுமை அதிகம். சூட்டில் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் கூட்டுங்கள். பக்கச் சுவரின் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2316 என்றால் 2016-இன் 23-ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் அந்தக் கிழட்டு டயரோடு கிளம்பாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50–100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். கேரவனுக்கு ஜாக் எங்கே வைப்பது என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

ரோட் டிரெயின் முந்தும்போது கேரவன் ஆடினால் என்ன செய்வது?

36.5 மீட்டர் லாரி முதலில் காற்றால் உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். யு.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 40 வைத்திருங்கள். லாரிக்காரர்கள் அதில்தான் பேசுவார்கள். கேரவன்காரர்களின் அரட்டை 18-இல். லாரிக்காரர் முந்தத் தொடங்கும்வரை ஒரே வேகம், ஒரே கோடு. வலப்பக்கம் வந்தபின் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள், சீக்கிரம் கடந்துவிடுவார். ஆட்டம் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் இழுக்காதீர்கள். ஸ்டியரிங் நேராக, கால் ஆக்சிலரேட்டரை விட்டு வெளியே, கை பிரேக் கண்ட்ரோலரில்: கேரவன் பிரேக் மட்டும் பிடிக்கட்டும். அந்தப் பொத்தான் எங்கே என்று பார்க்காமலே தொடத் தெரிய வேண்டும். 90-இல் போனால் இதில் பெரும்பாலானவை நேராது.

சாலையில் விமானத் தளக் கோடுகள் வரைந்த நீளங்கள் சில வரும். பறக்கும் மருத்துவர் சேவை இறங்கும் இடம் அது. அங்கே நிறுத்தி டீ போடாதீர்கள்.

இரவில் ஓட்டினால் போக்குவரத்து குறைவாக இருக்குமே?

கங்காரு, வோம்பாட், ஒட்டகம் நிறைய இருக்கும். ஒட்டகத்தின் கால் பம்பரில் பட்டால் உடல் கண்ணாடிக்குள் வரும். சூரியன் மறைய ஒரு மணி முன்பே நிறுத்துங்கள். மேற்கே போகும்போது மாலை வெயிலும் நேரே கண்ணில் அடிக்கும். கடிகாரத்தையும் கவனியுங்கள்: எல்லைப் பக்கம் ரோட்ஹவுஸ்கள் தங்களுக்கென ஒரு நேரம் வைத்திருக்கின்றன, பெர்த்துக்கு 45 நிமிடம் முந்தி. சமையலறை மூடுவது அந்த நேரப்படி.

கறிவேப்பிலை, இஞ்சி, தேன் கொண்டு போகலாமா?

மேற்கே போனால் பார்டர் வில்லேஜில் சோதனை, கிழக்கே வந்தால் செடூனாவில். பழம், காய், இலை, விதை, தேன் எல்லாவற்றையும் அதற்குள் தீர்த்துவிடுங்கள். சமைத்த குழம்புக்குத் தடையில்லை. சந்தேகமானதை நீங்களே எடுத்துக் காட்டுங்கள், ஒளித்தால் அபராதம்.

ஓடும்போது ஃபிரிட்ஜை கேஸில் வைக்கலாமா? கேஸ் வாடையும் லேசாக வருகிறது.

ஓடும்போது சிலிண்டர் வாயை மூடிவிட்டு 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். வாடைக்கு உரிமம் பெற்ற கேஸ் மெக்கானிக்கிடம் இன்றே போங்கள், இங்கே கேட்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் பதில் சொல்லவில்லை. என் கேரவனில் இரண்டு டேங்கும் அச்சுக்குப் பின்னால். காலி செய்த பிறகுதான் ஆட்டம் நின்றது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பின்னால் இருந்தால் தண்ணீர் டோபால் எடையைத் திருடும். உங்களுக்குக் காலி செய்தது சரி. அதை எல்லாருக்கும் விதியாக்கியதுதான் பிழை. டோபாலை அளந்தீர்களா? பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டேங்க் காலியானாலும் பலத்த பக்கக்காற்றில் மறுபடி ஆடும். நீங்கள் தண்ணீரை 20 லிட்டர் கேன்களில் அச்சுக்கு நேர் மேலே, தரையில் கட்டி எடுத்துப் போங்கள்.

ஃபோன் சிக்னல்?

டெல்ஸ்ட்ரா ரோட்ஹவுஸ்களின் அருகே மட்டும் வரும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவி) ஒன்று வாங்கிப் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம்.

அப்போ ஜெர்ரி கேனை உள்ளே, கட்டிலுக்கு அடியில் வைத்தால்?

டீசல் ஆவியில் பிள்ளைகளைத் தூங்க வைக்கவா? வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்.